ஒரு கிணறு, இரண்டு தொட்டி

இணுவில் கிழக்கு
8.3.1992

அன்பு மகன் அருளம்பலத்துக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்பதை உன் மாமி பத்மாவதி சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலில் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். இரத்தினம்மா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "ரீச்சர், உங்கடை மகன் லண்டனிலை பவர் குடுக்கிறாராம். எங்கடை ஒழுங்கைக்கும் ரெண்டு கம்பி இழுத்துவிடச் சொல்லுங்கோவன்" என்றாள். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யுத்தத்தால் இரண்டு வருடமாக மின்சாரம் இல்லாத ஊரில் இது நல்ல பகிடிதான். ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் நிற்பது எனக்குப் பழக்கமான காரியம் அல்ல.

நேரே பத்மாவதியிடம் போனேன். அவள் கிணற்றடியில் நின்றாள்.

"பவர் இல்லை மச்சாள், பவ்வர். அவன் கொம்பியூட்டருக்குத் தொட்டி கட்டுறான். ஒவ்வொரு செம்புத் தண்ணிக்கும் ஆரும் துலா இழுக்கிறதே? ஒருக்கா இழுத்து உந்தத் தொட்டியை நிரப்பிப்போட்டு, பிறகு தொட்டியிலை அள்ளுறம். உவ்வளவுதான் விசயம்."

உவ்வளவுதானாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மைத்துனி, கன்னியர் மடத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதித் தேறிய எனக்கு, என் மகனுடைய வேலையை விளக்குகிறாள்.

நீ கொழும்புக்கு அனுப்பும் கடிதங்களை அங்கே என் சிநேகிதி யோசப்பின் சேர்த்துவைத்து, கிளாலிக் கடல் தாண்டி இங்கே வருகிறவர்களிடம் ஒரே கட்டாகக் கொடுத்துவிடுகிறாள். அந்தக் கட்டு பத்மாவதியின் பெயருக்கு வருகிறது. அவள் வீடு ஒழுங்கை முகப்பில், என் வீட்டுக்கு முன்னால் இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்குரியது என் கைக்கு வருவதற்குள் அவள் தன்னுடையதை அயல் வீட்டு அருந்ததியைக் கொண்டு வாசிப்பித்து முடித்துவிடுவாள். கண் மங்கலாம். யோசப்பின் என்னோடு படித்தவள், பத்மாவதியோடு அல்ல. இனிமேல் கட்டு என் பெயருக்கு வரவேண்டும். அந்தப் 'பவ்வர்' என்ற சொல்லையும் சரியான எழுத்துக்கூட்டலோடு எனக்கு எழுது.

சென்ற கடிதத்தில் 'ஞாபகம்' என்பதை 'நியாபகம்' என்று எழுதியிருக்கிறாய். லண்டன் அதற்குக் காரணமாகாது.

அம்மா
ஞானாம்பிகை நமசிவாயம்


லண்டன்
2.5.1992

அன்புள்ள அம்மா,

பவரும் இல்லை, பவ்வரும் இல்லை. பஃபர். இரண்டு எஃப். இரத்தினம்மாக்காவுக்கு என் வருத்தத்தைத் தெரிவியுங்கள். கம்பி இழுக்கிற வேலை எனக்குத் தெரியாது.

என் வேலை இதுதான். நாடு முழுவதும் உள்ள மருந்துக்கடைகள் தங்களுக்கு வேண்டிய மருந்துகளின் பட்டியலைத் தொலைபேசிக் கம்பி வழியாக எங்கள் கம்பனிக்கு அனுப்புகின்றன. அதை வாசித்தெடுக்கிற கணனி நிரலை முன்பு எழுதியவர், ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கும்படி எழுதிவிட்டுப் போயிருந்தார். கணனிக்குள் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார் என்று வையுங்கள். வெளியிலிருந்து வருவது எதையும் அவரிடம் போய்க் கேட்டுத்தான் வாங்கவேண்டும். ஓர் எழுத்தைக் கேட்டுப் போனாலும் நாலாயிரம் எழுத்தைக் கேட்டுப் போனாலும் போய்வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய நிரல் நாலாயிரம் எழுத்துக்கு நாலாயிரம் தரம் போய்வந்தது. நான் ஒரே நடையில் நாலாயிரத்தையும் வாங்கி ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எழுத்தெழுத்தாக எடுக்கிறேன். அந்த ஓரிடம்தான் பஃபர். நாற்பது நிமிட வேலை இப்போது மூன்று நிமிடத்தில் முடிகிறது.

மாமிக்குத் தொட்டியைச் சொன்னேன். உங்களுக்கு யோசப்பின் அன்ரியைச் சொல்கிறேன். அவ ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் ஆளைக் கிளாலிக்கு அனுப்புவதில்லையே. கட்டாகத்தானே அனுப்புகிறா.

மாமிக்கு ஏன் முதலில் எழுதினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அதுதான் இருக்கிறது. மாமி என்னிடம், "அங்கை கதிரையிலை இருந்து என்னதான் செய்யிறாய் மோனை?" என்று கேட்டு எழுதுவித்தா. நீங்கள் என் பதவியின் பெயரைக் கேட்டீர்கள். அதை உங்களுக்குத்தான் முதலில் எழுதினேன்.

இனிக் கட்டு உங்கள் பெயருக்கே வரும்.

அருள்


இணுவில் கிழக்கு
21.6.1992

அன்பு மகனுக்கு,

கட்டு என் பெயருக்கு வந்தது. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து நம் ஒழுங்கையில் இருக்கும் செபமாலைதான் கொண்டுவந்தார். "முந்தி முன்வீட்டிலை குடுக்கிறது, இப்ப உள்வீடு எண்டு எழுதிக்கிடக்கு, ஆட்சி மாறிப்போச்சுதோ?" என்று கேட்டார். "மாறவில்லை, திருந்தியிருக்கிறது" என்றேன்.

உன் விளக்கம் தெளிவாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்துக் கடிதம் சேரட்டும் என்று யோசப்பின் ஆறு கடிதத்தோடு காத்திருந்தால், அந்த ஆறும் பழசாகிவிடும் அல்லவா? உன் பஃபர் நிறையும் வரைக்கும் காத்திருக்குமா? காத்திருக்குமானால் அது கெட்டித்தனமான முறை அல்ல.

எனக்கு இரண்டு தாள் எழுதியிருக்கிறாய். மாமிக்கு மூன்று. மடித்து வைத்திருந்த அவளுடைய கடிதத்தை நான் வாசிக்கவில்லை. எண்ணினேன். எண்ணுவது வாசிப்பதாகாது. மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு வேறு வேலைகள் இருந்தன. அவள் அதை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கண்ணுக்கு எழுத்துத் தெரியாமல், மணந்து பார்த்தாள். கடிதத்தை மணப்பவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பதவியின் பெயரைக் கேட்டது குற்றமா? உன் அப்பா இறந்த பின் நான்கு வருடம் பதுளையில் படிப்பித்தேன். விடுமுறையில் வந்தால் நீ அவளுடைய சேலைக்குப் பின்னால் நின்று, "இது ஆர் மாமி?" என்று கேட்டாய். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன்னிடம் எதைக் கேட்பது என்று அப்போதே எனக்குத் தெரியாமற்போனது.

அம்மா


லண்டன்
30.7.1992

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில்: காத்திருக்காது. ஆறு இருந்தால் ஆறையும் கொண்டு வந்துவிடும். அதை எங்கள் கம்பனியில் ஒருவரும் இன்னும் கேட்கவில்லை.

இங்கே பெரிய சிக்கல். கடைகள் அனுப்புகிற மருந்து ஓடர்கள் காணாமற்போகின்றன. ஒரு முதியோர் இல்லத்துக்கு இன்சுலின் போகவில்லை. தெய்வாதீனமாக இன்னொரு கடையில் வாங்கியிருக்கிறார்கள். வேகத்துக்காக நான் செய்த மாற்றத்துக்குப் பிறகுதான் இது தொடங்கியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கனிசியஸ் என்று ஒரு நாவாந்துறைக்காரர் என்னோடு வேலை செய்கிறார். அவருடைய பகுதியில் பிழை இல்லையாம். மனேச்சர் இப்போது எதுவானாலும் அவருடைய மேசைக்குத்தான் முதலில் போகிறார். நான் இருக்கிறேன் என்பது தெரியாதவர் மாதிரி என்னைக் கடந்து போகிறார். அது எவ்வளவு சுடுகிறது என்று உங்களுக்குத்தான் எழுதலாம்.

இப்போதைக்குப் பழைய முறைக்கே திரும்பிவிட்டோம். ஜனவரி முடிவதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் என் வேலை நிச்சயமில்லை.

மாமிக்கு ஓர் உறை இருக்கிறது. அவ கேட்டபடி ஒட்டியிருக்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

அருள்


இணுவில் கிழக்கு
20.9.1992

அன்பு மகனுக்கு,

செபமாலை பதினாறாம் திகதி கட்டைக் கொண்டுவந்தார். உறை கிடைத்தது.

எனக்கு ஒரு தாள். அவசரம் என்பது விளங்குகிறது.

ஓடர்கள் காணாமற்போகின்றன என்று எழுதியிருக்கிறாய். அது சோம்பேறி எழுதுகிற வசனம். ஒரு பொருள் காணாமற்போவதில்லை. ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தில் இருக்கிறது. என் வகுப்பில் பேனை காணவில்லை என்று சொன்ன பிள்ளையை நான் உட்கார விட்டதில்லை. யாருடைய கையில் கடைசியாக இருந்தது என்று கேட்பேன். நீயும் கேள். எல்லா ஓடரும் போகின்றனவா, சிலவா? எவை? அந்தக் கனிசியஸ் என்ன செய்கிறார், நீ என்ன செய்கிறாய்? முழுதாக எழுது.

பத்மாவதி நடமாடுகிறாள். அருந்ததி குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள்.

அம்மா


லண்டன்
8.11.1992

அம்மா,

முதலில் மாமியைப் பற்றி எழுதுங்கள். அவ ஏன் போகவில்லை? இங்கேயிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன கண் வைத்தியர் ஒக்டோபர் ஐந்திலிருந்து பத்து வரை அங்கே நின்று, அறுபது பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். மாமியின் பெயரை நான் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். அந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை என்கிறார். எல்லாவற்றையும் அந்த உறைக்குள் வைத்து எழுதியிருந்தேன். மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து முற்றிவிட்டது, அம்மா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று அவதான் கேட்டா. "மச்சாளுக்குச் சொல்லாதை மோனை. தன்ரை பிள்ளையிட்டை நான் பறிச்சுத் தின்னுறன் எண்டு நினைப்பா" என்று எழுதுவித்திருந்தா.

நீங்கள் கேட்ட விபரம் இது. ஒவ்வொரு கடையின் பட்டியலிலும் முதல் வரி கடையின் பெயர். கனிசியசின் பகுதி அந்த முதல் வரியை மட்டும் கேட்டு வாங்கும். பிறகு என் பகுதி வந்து மீதி ஓடர்களை வாசிக்கும். புதிய முறையை ஓட்டிச் சோதித்தால், சிறிய பட்டியலில் எனக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. மேற்பார்வையாளர் "முடிந்துவிட்டது" என்கிறார். பெரிய பட்டியல் என்றால் முதல் அறுபது எழுபது ஓடர்கள் இல்லை, அதற்குப் பிறகு எல்லாம் சரி. தனித்தனியே சோதித்தால் அவர் பகுதியும் பிழையில்லை, என் பகுதியும் பிழையில்லை.

மாமியைப் பற்றி உடனே எழுதுங்கள்.

அருள்


இணுவில் கிழக்கு
20.12.1992

மகனே,

உறை கிடைத்தது என்று எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை.

அது தடித்த உறை. எடுத்துப் பார்த்தேன், ஐந்து தாளாவது இருக்கும். அவள் கேட்டபடி ஒட்டியிருக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். யாரிடமிருந்து மறைக்க ஒட்டினாய் என்று யோசித்தேன். நம் வளவில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நாளைக்குக் கொடுக்கலாம் என்று அலுமாரியில் வைத்தேன். அவள் மூன்று முறை வந்து கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்றேன். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் கொடுத்திருப்பேன் என்பதை இப்போது எழுதுவதில் பயனில்லை.

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்தது. உறையை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள், கண்ணால் அல்ல, விரலால்.

"பத்மாவதி, உமக்கு ஒரு கடிதம்."

"வாசியுங்கோ மச்சாள். அருந்ததியும் இல்லைத்தானே."

வாசித்தேன். ஐந்து தாளில் நான்கு ஆஸ்பத்திரிப் படிவம். ஒரு தாள்தான் உன் கையெழுத்து. அதில் அரைவாசி, எந்த வழியாகப் போவது என்ற விபரம். கடைசியில், 'அம்மாவிடம் எப்படியாவது சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ மாமி. படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்ப எங்கடை ஊரில் அவவை விட்டால் ஆளில்லை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வசனத்தையும் சத்தமாகத்தான் வாசித்தேன்.

"இண்டைக்கு என்ன திகதி மச்சாள்?"

"டிசம்பர் பதினெட்டு."

"இது எப்ப வந்தது?"

"செப்டெம்பர் பதினாறு."

அவள் இலை உருவுவதை நிறுத்தவில்லை. "நான் மூண்டுதரம் கேட்டனான்."

"ஓம். நான் மூண்டுதரமும் இல்லை எண்டனான்."

"கோவமெண்டால் ஏசியிருக்கலாமே. ஏசினால் நானும் நாலு சொல்லியிருப்பன், சரியாப் போயிருக்கும். கடிதத்தை ஏன் மறிச்சனீங்கள்?"

"தடிப்பா இருந்தது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆட்டோடு கதைக்கிறாள். எனக்குக் கேட்க வேண்டியதை ஆட்டுக்குச் சொல்கிறாள். "உனக்கும் குழை வந்தது, நான்தான் ஒளிச்சு வைச்சிட்டன் எண்டு சொன்னால் நீ என்ன செய்வாய்?" என்று இன்று காலை அதைக் கேட்டாள்.

இனி உன் வேலை. உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். கனிசியஸ் முதல் வரியை மட்டும்தான் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் உரியது ஒரு கடிதம்தான். ஆனால் என் கைக்கு வந்தது முழுக்கட்டு. அதில் எனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை அலுமாரியில் வைத்தேன். பத்மாவதி செபமாலையிடம் போய்க் கேட்டிருந்தாலும், எல்லாம் கொடுத்தாயிற்று என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அவர் சொல்வது பொய்யல்ல. அவளும் பிழை செய்யவில்லை. எடுத்தவள் இடையில் இருக்கிறாள்.

கனிசியஸ் எவ்வளவு கேட்கிறார் என்பதைப் பார்க்காதே. எவ்வளவு எடுக்கிறார் என்று பார். அவரிடமும் ஒரு தொட்டி இருக்கிறதா?

அம்மா


லண்டன்
31.1.1993

அம்மா,

இருந்தது. அதைக் கட்டிக் கொடுத்தவனே நான்தான்.

வேகமாக்குகிறேன் என்று என் பஃபரின் பிரதி ஒன்றை அவருடைய பகுதிக்குள்ளும் போட்டேன். அவர் ஒரு வரி கேட்க, அது நாலாயிரம் எழுத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஒரு வரியை அவரிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தனக்குள் வைத்திருந்தது. பிறகு என் பஃபர் போய்க் கேட்டது. சிறிய பட்டியலில் ஒன்றும் மிச்சமில்லை. பெரிய பட்டியலில் நாலாயிரத்துக்கு அப்பால் உள்ளது மட்டும் கிடைத்தது. ஒரு கிணற்றுக்கு இரண்டு தொட்டி கட்டிவிட்டு, ஒன்றில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று ஆறு மாதம் தேடியிருக்கிறேன். இப்போது ஒரே பஃபர். இருவரும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். ஓர் ஓடரும் தவறவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மனேச்சர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். என் அம்மா கண்டுபிடித்தா என்றேன். எப்படி என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை தப்பிவிட்டது. அதற்காக நன்றி எழுதக் குந்தினால் மாமியின் கண் முன்னால் வருகிறது. அதைப் பற்றி ஏதாவது எழுதக் குந்தினால் நீங்கள் முன்னால் வருகிறீர்கள். ஆகையால் செய்யவேண்டியதை மட்டும் எழுதுகிறேன். யோசப்பின் அன்ரி கொழும்பில் ஒரு கண் வைத்தியரோடு கதைத்திருக்கிறா. மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேறு யாரோடும் அனுப்பவேண்டாம். நீங்கள் போகவேண்டும்.

இன்னொன்று. இனி உங்களுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று என்று எழுதமாட்டேன். இருவருக்கும் ஒரே கடிதம்.

அருள்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
2.5.1993

அன்பு மகனுக்கு,

வந்து சேர்ந்து மூன்று கிழமை. கிளாலியில் ஒரு வள்ளத்தில் இருபது பேர். கடற்படைக்குப் பயந்து, மறுகரை போகும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்மாவதி மட்டும், "கரை தெரியுதோ மச்சாள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. தெரிகிறது என்று தெரியாத போதும் சொன்னேன். அந்தப் பொய்யைக் கணக்கில் சேர்க்காதே.

வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள். "என்ன மச்சாள், உவ்வளவு நரைச்சுப்போனியள்?" என்றாள்.

இடது கண் தப்பவில்லை. வெள்ளை முற்றி, உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு பழுதாகிவிட்டதாம். சில மாதங்களுக்கு முந்தி வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். அவளுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் அவளுக்குச் சொன்னேன். யாரால் என்பதையும் சொன்னேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "ஒரு கண் காணும். இனி ஒரு கடிதம்தானே வரப்போகுது" என்றாள். பகிடியா, பழியா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

முந்தநாள் உன் கடிதம் வந்தது. 'அன்புள்ள அம்மாவுக்கும் மாமிக்கும்' என்று தொடங்கியிருக்கிறாய். யோசப்பின் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். வாசித்துக் காட்டுவது என் வேலை என்று கையை நீட்டினேன். பத்மாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "விடுங்கோ மச்சாள், இப்ப எனக்குத் தெரியும்" என்றாள். அவள் ஓர் எழுத்து, ஓர் எழுத்தாகத்தான் வாசிக்கிறாள். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். நான் எதிரில் இருந்து தாளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் ஓரிடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று கேட்டதற்கு, "பொறுங்கோ, உங்களுக்கும் வரும்" என்றாள்.

ஒரே கடிதம் என்று தீர்மானித்தவன் நீ. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை முதலில் பிரிப்பது யார் என்று நீ எழுதவில்லை. தெளிவாக எழுது.

அம்மா
ஞானாம்பிகை நமசிவாயம்